இன்ஜின் தேய்ந்த கார்: பிரித்து வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் மாட்டுவதா?

கார் நீலப் புகை தள்ளுகிறது, ஆயில் குறைகிறது, மேட்டில் இழுவை இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் இரண்டு பதில் வரும். "இன்ஜினை இறக்கி ஃபுல் வேலை பார்த்துடலாம்" என்பது ஒன்று. "அதுக்குப் பதிலா நல்ல செகண்ட் ஹேண்ட் இன்ஜின் மாட்டிடலாம்" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரு தொகை சொல்வார்கள், குறைவான தொகைக்குப் பெரும்பாலோர் தலையாட்டிவிடுவார்கள். இரண்டு தொகையுமே இன்ஜினைத் திறக்காமல் சொன்னவை.

திறக்காமல் இந்த முடிவை எடுக்க முடியாது. மூன்று இடங்களில் நின்று எடுக்க வேண்டும்: திறப்பதற்கு முன், ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல்பாகம்) கழற்றிய பின், பிளாக்கையும் (சிலிண்டர்கள் உள்ள உடல்பாகம்) கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அளந்த பின். ஒவ்வொரு இடத்திலும் வேலையை நிறுத்தித் திசை மாற்றிக்கொள்ளலாம். "பிரித்தாகிவிட்டது, இனி என்ன செய்வது" என்று மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் நடுவில் நிற்காமல் போனவர்கள்தான்.

தேய்மானம் எங்கே நடக்கிறது?

பிஸ்டன் ஓடும் துளைக்குப் பட்டறையில் போர் என்று பெயர். அது ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் அழுத்தமும் வெப்பமும் உச்சத்தில் இருக்கும், அங்கே ஆயில் படலமோ மிக மெலிது. அதனால் போரின் மேல்பகுதி முதலில் தேயும். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அழுந்தி ஓடுகிறது. அந்தப் பக்கம் கூடுதலாகத் தேய்ந்து, வட்டத் துளை மெல்ல நீள்வட்டமாகிறது. பிஸ்டனைச் சுற்றி நின்று இடைவெளியை அடைக்கும் வளையம்தான் ரிங். வட்டமான ரிங் நீள்வட்டத் துளையை அடைக்காது. எரிந்த வாயு கீழே இறங்கும், ஆயில் மேலே ஏறி எரியும்.

"ரிங் மட்டும் மாத்தித் தர்றேன், பாதிச் செலவுல முடிஞ்சிடும்" என்ற பேச்சை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான். போர் அளவுக்குள் இருந்தால் மட்டும், லேசாக ஹோனிங் செய்து (சுவரில் நுண்ணிய குறுக்குக் கோடுகள் வருமாறு தேய்த்து) புது ரிங் போடலாம். நீள்வட்டமான போரில் புது ரிங் சில மாதம்கூடத் தாங்காமல் போகலாம்.

திறப்பதற்கு முன்

ஆயில் எரிகிறது என்றாலே ரிங் போய்விட்டது என்று அர்த்தமில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குப்பென்று நீலப் புகை வந்து நின்றுவிடுகிறதா? மலையிறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கிவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் வருகிறதா? அப்படியானால் சந்தேகம் வால்வு ஆயில் சீல் மேல்தான். சுமையோடு ஏறும்போது விடாமல் புகைந்தால் ரிங், போர் பக்கம் பார்க்கலாம். கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டாலும் ஆயில் எரியும். அது மிக மலிவான பாகம். டர்போ உள்ள வண்டியில் டர்போ சீல் கசிந்தாலும் அதே புகைதான். இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி, உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். டீசலில் கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் காற்று, இன்ஜெக்டர், இ.ஜி.ஆர். (எரிந்த வாயுவில் கொஞ்சத்தை இன்டேக்குக்குத் திருப்பும் அமைப்பு) சம்பந்தப்பட்டது, அதற்காக இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். இதைச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பெட்ரோல் காரில் இன்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, காயில் கனெக்டரையும் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று கிராங்க் செய்ய (ஸ்டார்ட்டரால் சுற்ற) வேண்டும். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும், இல்லையென்றால் நல்ல இன்ஜினும் குறைவாகவே காட்டும். பல சுசூகி பெட்ரோல் இன்ஜின்களின் சர்வீஸ் மேனுவலில் சரியான அளவு ஏறக்குறைய 14 பார், கீழ் எல்லை 11 பார், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 பாருக்குள். மற்ற கம்பெனிகளிலும் இதற்கு அருகில்தான் இருக்கும், ஆனால் உங்கள் வண்டியின் மேனுவலையே பாருங்கள். டீசலுக்குத் தனி கேஜ் வேண்டும். அங்கே 25 முதல் 35 பார் வரை போகும்.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், பெட்ரோல் இன்ஜினில் பிளக் துளை வழியே ஒரு டேபிள்ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறவே இல்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால், நடுவில் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். டீசலில் இந்த ஆயில் சோதனை வேண்டாம். பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு. ஆயில் கொஞ்சம் கூடினாலும் ராட் வளைந்துவிடலாம். அங்கே லீக் டெஸ்ட்தான் சரி. பிஸ்டனை உச்சியில் நிறுத்திக் கம்ப்ரசர் காற்றைச் செலுத்தி, சத்தம் எங்கே வருகிறது என்று கேட்பது. ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, சைலன்ஸரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல்.

கீழ்ப்பாகத்துக்கு ஆயில் பிரஷர். டாஷ்போர்டு விளக்கு மிகவும் தாமதமாகத்தான் எரியும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பட்டறைகளில் பழகிய தோராயக் கணக்கு. சூட்டில் ஐடிலிங்கில் ஊசி கிட்டத்தட்டப் படுத்துவிட்டால் பேரிங் அல்லது ஆயில் பம்ப் தேய்ந்திருக்கிறது. கூடவே, மிதித்தால் அதிகமாகும் ஆழமான தட்டல் கேட்கிறதா? ஒவ்வொரு சிலிண்டராகக் காயில் அல்லது இன்ஜெக்டர் கனெக்டரை எடுத்துப் பாருங்கள். எதை எடுக்கும்போது தட்டல் அடங்குகிறதோ அந்த ராட் பேரிங்தான். இந்தச் சத்தத்தோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டோ செய்யுங்கள். பேரிங்கோடு முடியவேண்டிய செலவு அந்தப் பத்துக் கிலோமீட்டரில் கிராங்க்குக்கும் பிளாக்குக்கும் போய்விடும்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்து ஆயில் பிரஷரும் சரியாக இருந்தால், இன்ஜினை இறக்கும் பேச்சு இங்கேயே முடிந்தது. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு ஆயிலை ஊற்றி ஊற்றியே பல வருடம் ஓட்டலாம். அழகான தீர்வு இல்லைதான், ஆனால் கணக்கில் இதை அடிக்க வேறு வழி கிடையாது. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அல்லது டீசலின் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் சீக்கிரம் அடைபடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டைக் கழற்றிய பின்

இன்ஜின் வண்டியிலேயே இருக்கும்போது ஹெட்டை மட்டும் எடுக்க முடியும். இங்கே நகத்தை வைத்துச் செய்யும் ஒரு சோதனை உண்டு. போரின் மேல்விளிம்பிலிருந்து நகத்தைக் கீழே இழுங்கள். ரிங் ஓடாத விளிம்புக்கும் ஓடிய இடத்துக்கும் நடுவில் தெளிவான படி தட்டுப்பட்டால் போர் தேய்ந்துவிட்டது. ஹோனிங்கின் குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்து, படியும் தட்டுப்படவில்லையென்றால் நல்ல செய்தி. கோளாறு ஹெட்டோடு முடியலாம்.

ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமதளம் பார்க்கச் சொல்லுங்கள். நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்ப்பார்கள். பல இன்ஜின்களுக்கு எல்லை 0.05 மி.மீ. தாண்டினால் ஃபேஸிங், அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது. ஆனால் ஃபேஸிங்குக்கும் எல்லை உண்டு. அதிகம் சீவினால் கம்ப்ரஷன் கூடும், ஓவர்ஹெட் கேம் இன்ஜினில் வால்வு டைமிங் நகரும், டீசலில் வால்வு பிஸ்டனைத் தொடும் ஆபத்து வரும். பல டீசல்களில் ஹெட் கேஸ்கட் இரண்டு மூன்று தடிமன்களில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்துதான் எடுக்க வேண்டும். "பழையது மாதிரியே ஒண்ணு" என்று கடையில் வாங்கி வருவது இங்கே தப்பு.

தண்ணீரில்லாமல் ஓடிக் கொதித்த இன்ஜினா? அலுமினிய ஹெட் கடினத்தன்மையை இழந்திருக்கலாம். அப்படிப்பட்ட ஹெட்டைச் சீவி மாட்டினாலும் போல்ட் இறுக்கத்தில் அமுங்கி, கேஸ்கட் மறுபடி போகும். கடினத்தன்மையும் பிரஷர் டெஸ்ட்டும் பார்க்காமல் அதற்குப் பணம் போடாதீர்கள்.

லேத்தில் அளந்த பின்

உண்மையான முடிவு இங்கேதான். இன்ஜினில் எத்தனை பாகம் இருந்தாலும் தீர்ப்புச் சொல்வது இரண்டு: பிளாக், கிராங்க். மற்ற எல்லாமே கடையில் வாங்கி மாற்றக்கூடியவை.

போரை டயல் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசையில் அளக்க வேண்டும். நாலு சிலிண்டருக்கு 24 எண்கள். அந்த எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தராத லேத்தில் அளக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நீள்வட்டமும் மேல்கீழ் வித்தியாசமும் இன்ஜினைப் பொறுத்து 0.05 முதல் 0.10 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளப்படும். தாண்டினால் போர் போட்டு, அதாவது துளையைச் சீவிப் பெரிதாக்கி, 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன். அதற்கும் மேல் தேய்ந்திருந்தால் ஸ்லீவ், அதாவது துளைக்குள் புது உருளை. வார்ப்பிரும்பு பிளாக்கில் இதெல்லாம் பழகிய வேலை. அலுமினிய பிளாக்கில் மெல்லிய இரும்பு லைனரை வார்த்திருக்கும் இன்ஜின்களில் சீவ இடம் குறைவு, சிலவற்றுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனே வருவதில்லை. ஆகவே, பிளாக்கைத் தொடுவதற்கு முன்பே "என் இன்ஜினுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறதா" என்று ஸ்பேர் கடையில் கேட்டுவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் அளப்பது, பிறகு பிஸ்டன் வாங்குவது, அந்தப் பிஸ்டனை லேத்தில் கொடுத்து அதற்கேற்பப் போர் போடுவது. பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவில் வேண்டிய இடைவெளி பெரும்பாலும் 0.02 முதல் 0.04 மி.மீ.தான். போரை முதலில் போட்டுவிட்டுப் பிஸ்டனைத் தேடினால் அந்த அளவு கைக்கு வராது. தளர்வாக இருந்தால் குளிரில் தட்டும். இறுக்கமாக இருந்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும்.

கிராங்க்கில் பேரிங் உட்காரும் இடமான ஜர்னலில் கீறல் நகத்தில் தட்டினால் கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் பேரிங் போடலாம். பேரிங் கிடைக்கிறதா என்று இங்கேயும் முதலில் கேட்க வேண்டும். மேற்பரப்பு மட்டும் கடினப்படுத்திய சில கிராங்க்குகளைக் கிரைண்டிங் செய்தால் அந்தக் கடினத் தோல் போய்விடும். அவற்றை மறுபடி கடினப்படுத்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று நேர்ந்திருந்தாலும் பிரித்து வேலை பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது:

- கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்திருப்பது
- கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் சுவரில் விரிசல்
- மெயின் பேரிங் சுழன்று, உட்காரும் துளையே தேய்ந்திருப்பது. இதற்கு எல்லா மெயின் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் சீவும் லைன் போரிங் வேண்டும். கார் இன்ஜினுக்கு அதைச் சரியாகச் செய்யும் பட்டறைகள் குறைவு
- கிராங்க்கும் போய், போரும் எல்லை தாண்டியிருப்பது

மாறாக, எதுவும் உடையாமல், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிச் சீராகத் தேய்ந்த வார்ப்பிரும்பு பிளாக் என்றால் பிரித்து வேலை பார்ப்பதே மேல். உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு அளவோடு தெரியும். மாட்டப்போகும் செகண்ட் ஹேண்ட் இன்ஜினைப் பற்றி அப்படி எதுவும் தெரியாது.

பேரிங் பொடிந்து வேலைக்கு வந்த இன்ஜினில் மறக்கக்கூடாதது ஒன்று. உலோகத்தூள் ஆயில் ஓடிய இடமெல்லாம் போயிருக்கும். ஆயில் கூலரை முழுமையாகக் கழுவ முடியாது, மாற்றிவிடுங்கள். டர்போவைத் திறந்து பாருங்கள். பிளாக்கின் ஆயில் கேலரி பிளக்குகளைக் கழற்றி நீளப் பிரஷ் விட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஹோனிங் செய்த போரையும் அப்படியே. பெட்ரோலில் துடைத்தால் ஹோனிங் தூள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். புது இன்ஜின் வேலை 5,000 கிலோமீட்டரில் கெட்டுப்போனது என்று கேள்விப்பட்டால், முதலில் இந்தத் தூளைச் சந்தேகியுங்கள்.

மாற்று இன்ஜின் என்றால்

மூன்று வகை உண்டு. கம்பெனியிலிருந்து புதிதாக வாங்குவது. ஹெட் இல்லாத ஹாஃப் இன்ஜின் வாங்கி, உங்கள் ஹெட்டைச் சரிசெய்து மாட்டுவது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய பழைய இன்ஜின். முதல் வகை பழைய மாடலுக்குச் சுலபமாகக் கிடைக்காது. ஃபியட் வடிவமைத்த 1248 சி.சி. டீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட், டிசைர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடியது. பி.எஸ். 6 புகை விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. பழைய இன்ஜின் நிறையக் கிடைக்கும், ஆனால் அடிப்படை ஒன்று என்பதற்காக எல்லாமே அப்படியே பொருந்திவிடாது. 75 குதிரைத்திறன் வகைக்கும் 90 வகைக்கும் டர்போ வேறு. கம்பெனிக்குக் கம்பெனி மவுண்ட் பிராக்கெட், சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), வயரிங் மாறும். உங்கள் இ.சி.யு.வையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வயரிங்கையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சாவியின் இம்மொபிலைசர் அதோடு பிணைந்தது. காமன் ரெயில் டீசலில் இன்ஜெக்டர் மாறினால் அதன் குறியீட்டை ஸ்கேனர் வழியே இ.சி.யு.வில் ஏற்ற வேண்டியிருக்கும்.

பழைய இன்ஜினை வாங்குமுன், எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அந்த வண்டி ஏன் கழிக்கப்பட்டது என்று கேளுங்கள். பின்பக்கம் இடிபட்ட வண்டியின் இன்ஜின் நல்ல தேர்வு. வெள்ளத்தில் நின்ற வண்டி வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற நாட்களில் தண்ணீரை உறிஞ்சிய இன்ஜினில் ராட் வளைந்திருக்கலாம், வெளியே தெரியாது. டேப்பட் கவரைத் திறந்து உள்ளே கரிச் சேறு இருக்கிறதா பாருங்கள். சம்ப் ஆயிலை வடித்து மினுமினுப்புத் தேடுங்கள். கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஸ்டார்ட்டர் மாட்டித் தரையிலேயே கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை. மாட்டுவதற்கு முன் டைமிங் பெல்ட் அல்லது செயின் செட், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் எல்லாவற்றையும் வெளியிலேயே மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் எண் பிளாக்கில் பொறித்திருக்கும். ஆகவே ஹாஃப் இன்ஜின் மாற்றினாலும் ஆர்.சி.யில் உள்ள எண் பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி இன்ஜின் மாற்றத்தை 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். மாட்டுவதற்கு முன்பே அங்கே கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள். எண் குறிப்பிட்ட பில் இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் எண்ணாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

பணக் கணக்கு

இன்ஜின் செலவை வண்டியின் இன்றைய விலையோடு ஒப்பிடுவது பொதுப் பழக்கம். அது தவறான ஒப்பீடு. உங்கள் மாடல், அதே வருடம், நல்ல இன்ஜினோடு 3,20,000 ரூபாய்க்குப் போகிறது, இப்போதைய நிலையில் உங்களுடையது 1,70,000க்குப் போகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இடைவெளி 1,50,000. வேலை அதற்குள் முடிந்தால் செய்யலாம். தாண்டினால் விற்றுவிட்டு அதே மாடலில் நல்லதொன்று வாங்குவது லாபம். இந்த வண்டியையே இன்னும் ஐந்தாறு வருடம் ஓட்டப்போகிறீர்கள், பாடியில் துரு இல்லை, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்றால் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. 15 வருடப் பதிவு முடியப்போகும் வண்டிக்கு அப்படி நினைக்க வேண்டாம்.

கொட்டேஷனைப் பாகம், லேத், கூலி, ஆயில் கூலன்ட் என நான்காகப் பிரித்து வாங்குங்கள். டீசலில் இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், டர்போ அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது, சில சமயம் அவையே இன்ஜின் வேலைக்குச் சமமாகப் போகும். திருகிய பிறகு கோண அளவில் இறுக்கும் ஹெட் போல்ட்டுகளைப் பொதுவாகத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பில்லில் புது போல்ட் இல்லையென்றால் பழையதையே போடப் போகிறார்கள்.

இன்னொன்று, முதல் இன்ஜின் ஏன் போனது என்று தெரியாமல் அடுத்ததை மாட்டக் கூடாது. ரேடியேட்டர் அடைப்பாலோ ஃபேன் ஓடாததாலோ கொதித்துப் போயிருந்தால், அதே ரேடியேட்டர் புது இன்ஜினையும் கொதிக்க வைக்கும். ஏர் ஃபில்டர் பெட்டி சரியாக மூடாமல் தூசி போய்த் தேய்ந்திருந்தால், புது போரும் அதே வேகத்தில் தேயும்.

ஸ்டார்ட் செய்யும் நாள்

பாகங்களைப் பூட்டும்போது பேரிங்குக்கும் கேமுக்கும் அசெம்ப்ளி லூப் தடவியிருக்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருளைத் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை பத்துப் பத்து வினாடியாக கிராங்க் செய்யுங்கள். ஓடத் தொடங்கியதும் நெடுநேரம் ஐடிலிங்கில் விடாதீர்கள். ரிங் போரோடு பழகுவதற்கு மிதமான சுமை வேண்டும். வெறுமனே நிற்கும் இன்ஜினில் அது நடக்காது, ஹோனிங் கோடுகள் பளபளத்துப் போய் ஆயில் எரிவது நிரந்தரமாகிவிடும். வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள், முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு மிதியும் ஒரே வேக நெடுஞ்சாலை ஓட்டமும் வேண்டாம். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள். மிக நுண்ணிய சாம்பல் நிறத் தூள் இயல்பு. கண்ணுக்குத் தெரியும் செதிலோ வெண்கல நிறத் துகளோ இருந்தால் வண்டியை ஓட்டாமல், வாரண்டி தேதிக்குள் இன்ஜின் வேலை பார்த்தவரிடம் அந்த ஃபில்டரோடு போங்கள்.